திருப்ப வேண்டிய நாள்

கெடிலம் ஆற்றின் வெள்ளக் கணக்கு.
பச்சைக் காலிகோ அட்டை, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
நடுவில் மடித்துச் செருகிய மூன்று வரைபடம்.
ஷில்லாங்கிலிருந்து கேட்டிருந்தார்கள்.

கெடிலத்தை அங்கே யார் படிக்கப்போகிறார்கள் என்று
கண்காணிப்பாளர் சவரிமுத்து சிரித்தார்.
"கடலூர்க்காரனே பாலத்தில் போகும்போது
மூக்கைப் பொத்திக்கொள்கிற ஆறு."
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.
போடும்போது ஒரு பழமொழி,
இரவல் சேலையை நம்பி
இடுப்புக் கந்தையை எறிந்தவளைப் பற்றி.
சேலை கொடுத்தவளைப் பற்றி
அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் நூலகம்
இரண்டு ஹால், மேலே கல்நார் கூரை.
உப்பளங்கள் பற்றிய அறிக்கையில்
எங்களிடம் இருப்பது மூன்றாம் தொகுதி.
முதலாவது மைசூரில்,
இரண்டாவது காலாப்பட்டில்.
பாகப்பிரிவினைப் பத்திரத்தில்
ஒருத்தனுக்குக் கிணறு, ஒருத்தனுக்கு ஏற்றம்,
மற்றவனுக்குக் கிணற்றுக்குப் போகும் வழி
என்று எழுதிவைத்த மாதிரி.
தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால்
மூன்று பேரும் பேசித்தான் ஆக வேண்டும்.
பேசுவது என் வேலை.
பார்சல் கட்டுவதும்.

செப்டம்பர் முப்பது திருப்ப வேண்டிய நாள்.
வரவில்லை.
அக்டோபரில் ஒரு நினைவூட்டு, நவம்பரில் ஒன்று.
டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி மூன்றாவது கடிதம்,
"மிகுந்த அதிருப்தியுடன்" என்று தொடங்கியது.
நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.
மறுநாள் இரவு தானே வந்தது.

விடிந்து போனபோது
எங்கள் கூரை எதிர்வீட்டு மாமரத்தில் இருந்தது.
மாமரம் தெருவில் இருந்தது.
நனைந்த புத்தகத்தை இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா?
வராது.
ஊறிய உளுந்து போல உப்பி
அடுக்கையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.
பத்தொன்பது நாள் மின்சாரம் இல்லை.
தாளுக்குத் தாள் பழைய செய்தித்தாளை வைத்து
வராந்தாவில் பரப்பினோம்,
வெயிலைக் கெஞ்சினோம்.
வழவழப்புத் தாள்காரர்கள்
செங்கல்லாகிவிட்டார்கள்.

பட்டியலை எடுத்து அடித்துக்கொண்டே போனேன்.
551ஆம் வரிசை, நிலமும் நீரும்:
இருநூற்றுப் பதினான்கு நூல்,
இருநூற்றுப் பதின்மூன்று கோடு.
அடிக்காமல் நின்ற ஒரே வரிக்குப் பக்கத்தில்
என் கையெழுத்தில் சிவப்பு மையில்
"வெளியே".

ஜனவரி இருபத்து நான்கில் பார்சல் வந்தது.
உள்ளே திருமதி லிங்டோவின் கடிதம்.
எங்கள் ஊரிலும் ஓர் ஆறு உண்டு,
உம்க்ரா என்று பெயர், அதுவும் நாறும்.
மாணவர் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டார்,
முடிக்க நாளாகிவிட்டது,
மன்னிக்கவும், அபராதம் எவ்வளவு?

நாளுக்கு ஒரு ரூபாய், நூற்றுப் பதினாறு ரூபாய்.
சவரிமுத்து கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டார்.
ரசீதுப் புத்தகம்
வராந்தாவில் காய்ந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு கெடிலம் இரும்பு பீரோவுக்குள் போனது.
சாவி அவர் இடுப்பில்.

மார்ச்சில் தார்வாடிலிருந்து ஒரு கேட்பு.
ஆராய்ச்சி மாணவி, அக்கம்மா ஹிரேமட்.
"ஒரே பிரதி. கொடுக்க முடியாது என்று எழுது" என்றார்.
நான் எழுதவில்லை.
பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து காட்டினேன்.
முழங்கால் உயரத்தில் துருக்கோடு,
தண்ணீர் நின்றுபோன இடம்.
அவர் அதைப் பார்த்தார்.
நிமிர்ந்து புதுத் தகரத்தைப் பார்த்தார்.
கையெழுத்துப் போட்டார்,
இந்த முறை பழமொழி இல்லை.

சணலை இறுக்கி முடிச்சுப் போட்டேன்.
படிவத்தில் கடைசிக் கட்டம்.
விதிப்படி முப்பது நாள்.
நான் அடுத்த ஜனவரி என்று எழுதினேன்.
சவரிமுத்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"மாசம் தப்பாப் போட்டிருக்கியா?" என்றார்.

தார்வாடில் கடல் கிடையாது சார்,
என்றேன்.